ஒன்றரை நிமிடப் பாட்டு முழுப் பாட்டா? ராபர்ட் பொலார்ட் பற்றி ஒரு விவாத இழை

கேள்வி — ஜூன் 2, மாலை

கைடட் பை வாய்சஸ் என்ற அமெரிக்கக் குழுவை எல்லோரும் இவ்வளவு புகழ்கிறார்களே என்று இரண்டு நாளாகக் கேட்கிறேன். மெட்டு பிடித்துப்போய்க் கூடப் பாட ஆரம்பிப்பதற்குள் பாட்டு நின்றுவிடுகிறது. கிட்டார் நடுவில் காணாமல் போகிறது. பின்னால் ஒரே இரைச்சல். பாட்டை எழுதி முடிக்கப் பொறுமை இல்லாமல் பாதியில் வெளியிட்டுவிட்டு அதற்குப் பாணி என்று பெயர் வைத்திருக்கிறார் அதன் பாடகரும் பாட்டெழுதுபவருமான பொலார்ட் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் எழுதுங்கள்.

ஜூன் 2, இரவு 10.40

மறுக்கிறேன்.

ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். 1995இல் வந்த 'ஏலியன் லேன்ஸ்' ஆல்பத்தில் 'கேம் ஆஃப் பிரிக்ஸ்' இருக்கிறது. நீளம் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். அதற்குள் ஒரு சரணம், பல்லவி, இன்னொரு சரணம், மறுபடி பல்லவி, எல்லாம் வந்துவிடுகின்றன. இல்லாதவை எவை? முன்னிசை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. இடையிசை இல்லை. கிட்டார் தனியாக வாசித்துக் காட்டும் இடம் இல்லை. கடைசியில் பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடி ஒலியைக் குறைத்துக்கொண்டே போவதும் இல்லை. இவற்றையெல்லாம் எடுத்துவிட்டால் பல பெரிய ராக் பாட்டுகளும் இரண்டு நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

நம் காது நாலரை நிமிட சினிமாப் பாட்டில் வளர்ந்தது. பல்லவி முடிந்ததும் வயலின் கூட்டம் ஒன்று வர வேண்டும், சரணத்துக்குப் பின் பல்லவி திரும்ப வர வேண்டும், அப்போதுதான் வீடு வந்து சேர்ந்த மாதிரி இருக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. 'சரி, பல்லவி வந்தாயிற்று, அடுத்த சரணம் எங்கே' என்று காத்திருப்பேன், அதற்குள் வேறு பாட்டு ஓடும். பழகியபின் அந்தக் காத்திருப்பு போய்விட்டது. வந்ததை வந்த இடத்திலேயே கேட்கக் கற்றுக்கொண்டேன்.

ஜூன் 2, இரவு 11.15

விட்டுப்போனது: அதே பாட்டை அதே 1995இல் 'டைகர்பாம்' என்ற சிறு தட்டுக்காக ஸ்டூடியோவில் மறுபடி பதிவு செய்தார்கள். அது நீளம், டிரம்ஸ் தெளிவு, இரைச்சல் கிடையாது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரைச்சலை எடுத்த பிறகும் பாட்டு நிற்கிறது. பொறுமையில்லாமல் எழுதிய பாட்டு அப்படி நிற்காது.

ஜூன் 3, காலை

"இவருக்கு முன்னோடி யார், இப்படித் துண்டு துண்டாக எழுத எங்கே கற்றார்" என்று தனிமடலில் கேட்ட நண்பருக்கு. பொதுவிலேயே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

பொலார்ட் பிறந்தது 1957இல், ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரத்தில். பீட்டில்ஸ் 1964 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியபோது அவருக்கு வயது ஆறு. அந்தத் தலைமுறையின் பல பிள்ளைகளுக்கு நேர்ந்ததுதான் அவருக்கும் நேர்ந்தது. ராக் என்றால் இங்கிலாந்துக்காரர்கள் பாடுவது என்று மனதில் பதிந்துவிட்டது. இன்றும் அவர் பாடும்போது உச்சரிப்பு பாதி ஆங்கிலேயருடையது. ஒஹையோவில் பிறந்து வளர்ந்தவர் என்று குரலை மட்டும் கேட்டால் நம்ப முடியாது.

தன் இசைக்கு நான்கு தூண்கள் என்று அவரே சொல்வது: பாப், பங்க் (வேகமான, முரட்டுத்தனமான ராக்), பிராக் (நீண்ட, சிக்கலான அமைப்புள்ள ராக்), சைக்கடெலியா (கனவு மயக்கம் போன்ற ஒலி). நான்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குவதால் இது பல பேட்டிகளில் வந்துவிட்டது. ஆனால் பலர் இதைப் படித்துவிட்டு அப்படியே கடந்துபோகிறார்கள். இந்த நான்கும் ஒன்றுக்கொன்று எதிரிகள். பங்க் வந்ததே பிராக்கை விரட்டத்தான் என்று அந்தக் காலத்தில் பேசினார்கள். பிராக்கில் ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும், பங்க்கில் இரண்டு நிமிடம். இரண்டையும் ஒரே ஆள் மனதார நேசித்தால் என்ன நடக்கும் என்பதற்கான பதில்தான் பொலார்ட்.

மூன்று தட்டுகளைக் காட்டுகிறேன். ஒன்று, தி ஹூ என்ற இங்கிலாந்துக் குழு 1966இல் வெளியிட்ட ஒன்பது நிமிடப் பாட்டு, 'எ குயிக் ஒன், வைல் ஹி இஸ் அவே'. ஆறு குட்டிப் பாட்டுகளை வரிசையாகத் தைத்து ஒரு கதை சொல்வார்கள். இரண்டு, பீட்டில்ஸின் 1969 'ஆபி ரோட்'. அதன் இரண்டாம் பக்கத்தில் முடிக்காமல் கிடந்த துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து ஒரு நீண்ட மாலையாக்கினார்கள். மூன்று, வயர் என்ற லண்டன் குழுவின் 1977 'பிங்க் ஃப்ளாக்'. 21 பாட்டு, மொத்தம் 35 நிமிடம். சொல்ல வேண்டியது முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள், அடுத்த நொடி அடுத்த பாட்டு.

மூன்றையும் கேட்டுவிட்டு 1994இல் வந்த 'பீ தவ்ஸண்ட்' போடுங்கள். 20 பாட்டு, 36 நிமிடம் சொச்சம். எங்கிருந்து வந்தது என்று சொல்லவே வேண்டாம்.

ஜூன் 3, மதியம்

"பிராக் ரசிகர் என்கிறீர்கள், அவரிடம் பத்து நிமிடப் பாட்டைக் காணோமே" என்று கேள்வி வந்திருக்கிறது. நல்ல கேள்வி.

பீட்டர் கேப்ரியல் பாடகராக இருந்த காலத்து ஜெனிசிஸ் என்ற பிராக் குழுவைப் பொலார்டுக்கு மிகவும் பிடிக்கும். அந்தக் குழுவின் நீண்ட பாட்டுகளை உட்கார்ந்து கேட்டால் ஒன்று தெரியும்: அவை நீளமானவை என்பதைவிடப் பல அறைகள் கொண்டவை. ஒரு மெட்டு வரும், தாளம் மாறும், வேறு மெட்டு வரும், முதல் மெட்டு திரும்பாமலே போய்விடும். பொலார்ட் அந்த அறைகளை எடுத்துக்கொண்டார், நடுவிலிருந்த தாழ்வாரங்களை விட்டுவிட்டார். இது என் ஊகம்தான், அவர் இப்படிச் சொல்லவில்லை. ஆனால் 'ஏலியன் லேன்ஸ்' 28 பாட்டுகளையும் நிறுத்தாமல் கேட்டால் (41 நிமிடம்தான்) ஒரு பிராக் ஆல்பத்தின் ஓட்டம் அதில் இருப்பது தெரியும்.

ஜூன் 4

ஆரம்பத்திலேயே இப்படி இருந்தார் என்று நினைக்க வேண்டாம். 1986இல் வந்த முதல் சிறு தட்டு 'ஃபாரெவர் சின்ஸ் பிரேக்ஃபாஸ்ட்' கேட்டால் ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் குழுவின் தம்பி மாதிரி இருக்கும். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம். 1987 முதல் 1990க்குள் நான்கு ஆல்பங்களைத் தாங்களே காசு போட்டு வெளியிட்டார்கள். டேட்டனுக்கு வெளியே ஏறக்குறைய யாருக்கும் தெரியாது.

ஜூன் 4, இரவு

பொலார்ட் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் நானும் ஆசிரியர், கணக்குப் பாடம்.

ஏறத்தாழ 14 ஆண்டுகள் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். முதல் ஆல்பங்கள் எல்லாம் அந்த வேலையில் இருந்துகொண்டு செய்தவை. வேலையை விட்டது 1994 வாக்கில், முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு. ராக் உலகத்தில் அந்த வயதில் பலர் ஓய்வுபெற்று நினைவுகளைப் பேச ஆரம்பித்திருப்பார்கள்.

பள்ளிக்கூட வேலை செய்பவர்களுக்கு ஒன்று தெரியும். மாலையில் உட்கார்ந்தால் நீண்ட நேரம் கிடைக்காது. விடைத்தாள் திருத்த வேண்டும், வீட்டில் ஆள் கூப்பிடுவார்கள். கிடைக்கிற நேரத்துக்குள் ஒன்றை ஆரம்பித்து அதற்குள்ளேயே முடித்துவிட வேண்டும், நாளைக்கு எடுத்தால் அந்தச் சூடு இருக்காது. நானும் சில பாட்டுகள் எழுதி வைத்திருக்கிறேன். விடுமுறையில் பல நாள் உட்கார்ந்து இழைத்தவற்றைவிட, தேர்வுக் காலத்து இரவுகளில் அவசரமாகப் பிடித்து வைத்தவைதான் இன்றும் பாடும்படி இருக்கின்றன. பொலார்டின் சிறு பாட்டுகளில் அந்த அவசரம் எனக்குக் கேட்கிறது. அது பொறுமையின்மை என்று கேள்வி கேட்டவர் சொல்கிறார். நேரத்தின் மீதிருந்த மரியாதை என்று நான் சொல்வேன்.

ஜூன் 5

இப்போது எழுதும் முறை. இதுதான் எனக்கு முக்கியம்.

பெரும்பாலான பாட்டுக்காரர்கள் மெட்டு போட்டு, சொல் எழுதி, கடைசியில் பெயர் வைப்பார்கள். பொலார்டிடம் பல பாட்டுகள் பெயரிலிருந்து தொடங்குகின்றன. கண்ணில் பட்டது, காதில் விழுந்தது, தவறாகக் காதில் விழுந்தது, எல்லாவற்றையும் பெயர்களாகக் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார். அந்தப் பெயர் என்ன மாதிரிப் பாட்டைக் கேட்கிறது என்று பார்த்து, கிட்டாரோடு ஒரு சாதாரண டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து பாடிவிடுகிறார்.

இதை நான் முயன்று பார்த்தேன். வழக்கமாக எனக்குக் கிட்டாரை எடுத்ததும் விரல் தானாகப் போய் நிற்கிற இடங்கள் நான்கு உண்டு, எல்லாப் பாட்டும் அங்கேயே சுற்றும். பெயரை முதலில் வைத்துக்கொண்டால் விரல் வேறு இடம் தேடுகிறது. 'மின்வாரிய அலுவலகத்தில் மழை' என்று ஒரு பெயரை எழுதி வைத்தேன். அந்தப் பெயருக்கு என் பழைய நான்கு இடங்களும் ஒத்துவரவில்லை. அப்புறம் எங்கெங்கோ தடவி ஒரு மெட்டு கிடைத்தது, என் மற்றப் பாட்டுகளில் இல்லாத நடை. ஒரு சொற்றொடர் கைவிரலை இப்படி மாற்றும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஜூன் 5, சிறு சேர்க்கை

இளம் வயதிலேயே இல்லாத குழுக்களுக்குப் பெயர் வைத்து, அவர்களின் ஆல்பங்களுக்கு அட்டை வரைந்து வைத்தவர் இவர். தட்டு கிடையாது, பாட்டு கிடையாது, அட்டை மட்டும் இருக்கும். பெயரிலிருந்து பாட்டுக்குப் போகும் வழி அங்கேயே தொடங்கிவிட்டது. 2000இல் 'சூட்கேஸ்' என்ற பெயரில் நான்கு குறுந்தட்டுகளில் நூறு பாட்டுகளை வெளியிட்டபோது ஒவ்வொரு பாட்டையும் ஒவ்வொரு கற்பனைக் குழுவின் பெயரில் போட்டார். நூறு குழுப் பெயர்கள்! கேசட்டுகளைப் போட்டு வைத்திருந்த பெட்டிதான் அந்தச் சூட்கேஸ்.

ஜூன் 7

இரைச்சல் பற்றி இரண்டு பேர் திட்டி எழுதியிருக்கிறார்கள். கருவி எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால் கோபம் குறையும்.

வீட்டில் பயன்படுத்திய சாதாரணக் கேசட்டின் நாடாவில் நான்கு மெல்லிய தடங்கள் இருக்கும், ஏ பக்கத்துக்கு இரண்டு, பி பக்கத்துக்கு இரண்டு. 1979இல் டாஸ்காம் நிறுவனம் அந்த நான்கையும் ஒரே திசையில் தனித்தனியாகப் பதிவு செய்யும் கருவி ஒன்றைக் கொண்டுவந்தது. முதலில் டிரம்ஸ், அதைக் கேட்டுக்கொண்டே கிட்டார், அப்புறம் பேஸ், அப்புறம் குரல். நான்கும் நிறைந்துவிட்டால்? அதனால் நான்காவதைக் காலியாக விட்டு, முதல் மூன்றையும் கலந்து அதில் ஏற்றுவார்கள். பிறகு முதல் மூன்று தடங்களில் புதிதாகப் பதியலாம். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் நாடாவின் 'உஸ்ஸ்' சத்தம் கூடும். முக்கியமானது என்னவென்றால், கலந்து ஏற்றி, பழைய தடங்களை அழித்த பிறகு பிரிக்க முடியாது. கிட்டார் சத்தம் அதிகம் என்று பிறகு தோன்றினால் அதோடுதான் வாழ வேண்டும்.

எங்கள் வீட்டில் இந்தக் கருவி கிடையாது. கல்லூரிக் காலத்தில் இரண்டு டேப் ரெக்கார்டர்களை வைத்து, ஒன்றில் ஓடவிட்டுக் கூடவே பாடி மற்றொன்றில் பதிவேன். மூன்றாவது சுற்றில் மழை பெய்வது போல ஆகிவிடும். ஆனால் அந்த மழைக்குள்ளிருந்து குரல் வரும்போது ஏதோ தூரத்து வானொலி நிலையம் கிடைத்தது போல ஒரு பரவசம் இருந்தது. இப்போது போனிலேயே கணக்கற்ற தடங்கள் இருக்கின்றன, எதையும் எப்போதும் மாற்றலாம். மாற்றிக்கொண்டே இருக்கிறேன். முடிவெடுக்கக் கட்டாயப்படுத்திய கருவி எனக்கு நல்லது செய்தது என்று இப்போது படுகிறது.

கேள்வியில் சொன்ன கிட்டார் காணாமல் போகும் இடம் 'பீ தவ்ஸண்ட்' முதல் பாட்டான 'ஹார்ட்கோர் யுஎஃப்ஓஸ்'. பதிவில் விழுந்த ஓட்டை அது. ஆல்பத்தின் வாசலிலேயே அதை அப்படியே விட்டார்கள். வேறு நல்ல பாட்டை முதலில் வைத்திருக்கலாம், அல்லது மறுபடி வாசித்திருக்கலாம். வைத்த இடத்தைப் பார்த்தால் இது சோம்பல் இல்லை, தேர்வு என்றுதான் சொல்வேன்.

ஜூன் 7, இரவு

பொலார்ட் பொலார்ட் என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன், குழுவில் இன்னொரு பாட்டுக்காரரான டோபின் ஸ்ப்ரௌட்டை விட்டுவிட்டால் அநியாயம். அந்தக் காலத்து நான்கு தடப் பதிவுகளில் பெரும்பங்கு அவர் கைவேலை. ஓவியர். 'பீ தவ்ஸண்ட்'இல் 'ஆஃபுல் பிளிஸ்' அவர் பாட்டு, ஒன்றேகால் நிமிடம்கூட வராது. பொலார்ட் கத்தி முழங்கும் இடத்தில் இவர் காதருகே வந்து பேசுவார். அந்த ஆல்பங்கள் சலிக்காமல் இருப்பதற்கு இந்த மாற்றம் பெரிய காரணம்.

ஜூன் 9

"வரிகளுக்கு அர்த்தமே இல்லை, ரோபோ, விமானம், விஞ்ஞானி என்று ஏதோ உளறல்" என்கிறார் இன்னொருவர்.

எல்லாப் பாட்டும் அப்படி இல்லை. 'ஐ ஆம் எ சயன்டிஸ்ட்' எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சரணத்திலும் ஒரு தொழில்: விஞ்ஞானி, பத்திரிகையாளர், மருந்துக்கடைக்காரர். ஒவ்வொரு தொழிலாளியாகவும் தன்னையே ஆராய்ந்து, தன்னையே குறிப்பெடுத்து, தனக்கே மருந்து எழுதிக்கொள்கிறார். தனியாகப் பல்லவி என்று ஒன்று கிடையாது. பாட்டு எழுதுவது எதற்காக என்று ஒரு மனிதன் நேராகச் சொல்லும் பாட்டுகளில் எனக்கு மிகப் பிடித்தது இது. பள்ளி வேலையை விடலாமா என்று அவர் யோசித்திருக்கக்கூடிய காலம் அது என்பது நினைவில் இருக்கும்போது இன்னும் ஆழமாக இறங்குகிறது.

மற்றவற்றில் சொற்கள் படத்துண்டுகள் மாதிரிதான் வருகின்றன, ஒப்புக்கொள்கிறேன். அவர் நிஜமாகவே கத்தரியும் பசையும் வைத்துப் படங்களை வெட்டி ஒட்டும் கலைஞர், தன் பல ஆல்பங்களின் அட்டைகள் அவர் ஒட்டியவை. பாட்டிலும் அதே கை.

ஜூன் 10, அதிகாலை

நேற்று எழுதிய கடைசி வரி தூங்கவிடவில்லை. அதை இன்னும் இழுத்துப் பார்க்க வேண்டும்.

'பீ தவ்ஸண்ட்' பாட்டுகள் பலவும் புதிதாக உட்கார்ந்து எழுதியவை இல்லை. பழைய கேசட்டுகளில் கிடந்த, பல ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட துண்டுகளை எடுத்து, வேறு துண்டுகளோடு சேர்த்து, புதுச் சொல் போட்டு உருவாக்கியவை. அப்புறம் எதற்குப் பின் எது என்ற வரிசையைத் திரும்பத் திரும்ப மாற்றினார். இங்கேதான் அவருடைய உண்மையான உழைப்பு இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். பாட்டை எழுதும்போது வேகம், ஆல்பத்தை அடுக்கும்போது நிதானம். முதல் நாள் நான் ஒரே ஒரு பாட்டை வைத்து வாதம் செய்தேன். அந்த வாதம் இன்னும் நிற்கும், ஆனால் சிறியது. பொலார்டை அளக்க வேண்டிய அலகு ஒரு பாட்டு இல்லை, தட்டின் ஒரு முழுப் பக்கம். நாற்பது வினாடித் துண்டு ஒன்று தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. அடுத்து வரும் பாட்டின் முதல் அடி இறங்கும்போதுதான் அது எதற்காக இருந்தது என்று தெரியும்.

செயலியில் பாட்டுகளைக் கலைத்துப் போட்டுக் கேட்பவர்களுக்கு இது கிடைக்கவே கிடைக்காது. கேள்வி கேட்டவரே, நீங்கள் எப்படிக் கேட்டீர்கள்?

ஜூன் 10, மாலை

கலைத்துப் போட்டுத்தான் கேட்டாராம். சரி!

ஜூன் 13

எதிர்ப்பக்கத்தையும் எழுத வேண்டும், இல்லையென்றால் இது துதி ஆகிவிடும்.

அளவு அதிகம். 2017இல் வந்த 'ஆகஸ்ட் பை கேக்' அவருடைய நூறாவது ஆல்பம். எனக்குத் தெரிந்து ஒரு மனிதன் இத்தனையையும் ஒரே கவனத்தோடு அடுக்க முடியாது. 2000க்குப் பின் வந்த பல தட்டுகளில் மூன்று பாட்டு மின்னும், மற்றவை அந்த மூன்றுக்குக் காவல் நிற்கும். வேகமாக எழுதுவது பிரச்சினை இல்லை. பழைய துண்டுகள் பல ஆண்டு கேசட்டில் ஊறிக் கிடந்தன, அந்த ஊறல் பிறகு குறைந்துவிட்டது.

அதே போல 1999இல் 'டு தி கொலாப்ஸ்'. தி கார்ஸ் குழுவின் ரிக் ஒகாசெக் தயாரித்தது. வானொலிக்குப் போக வேண்டும் என்ற நோக்கம் ஒலியிலேயே தெரியும். 'டீனேஜ் எஃப்பிஐ' எனக்குப் பிடிக்கும். ஆனால் 'ஹோல்ட் ஆன் ஹோப்' பாட்டில் வயலின் கூட்டம் வந்து மனதைத் தொடு தொடு என்கிறது. நம் ஊர்க் காதுக்கு அது வசதியாக இருக்க வேண்டும், எனக்கோ அந்தப் பாட்டில்தான் அவர் யாரோ போலத் தோன்றுகிறார்.

பிற்காலத்தில் நல்லது எது என்று கேட்டால் 2006இல் தனி ஆளாக வெளியிட்ட 'ஃப்ரம் எ காம்பவுண்ட் ஐ'. பொலார்ட் குரலும் கிட்டாருமாக மாதிரிப் பதிவு அனுப்ப, டாட் டோபியாஸ் மற்ற எல்லா வாத்தியங்களையும் வாசித்துக் கட்டினார். 26 பாட்டு. வேகமும் நிதானமும் இரண்டு ஆட்களிடம் பிரிந்தபோது மறுபடி சமநிலை வந்துவிட்டது.

ஜூன் 14

'புரொப்பெல்லர்' ஏன் பேச்சிலேயே வரவில்லை என்று ஒருவர் கேட்டார். நியாயம்.

1992. இதுதான் கடைசி என்று நினைத்துச் செய்த ஆல்பம். 500 பிரதிகள் மட்டும். ஒவ்வொன்றின் அட்டையும் குழுவினரும் நண்பர்களும் கையால் செய்தது. தொடக்கத்தில் பெரிய அரங்கில் கூட்டம் 'ஜிபிவி, ஜிபிவி' என்று (குழுப் பெயரின் ஆங்கில முதலெழுத்துகள்) முழங்குவது கேட்கும். அப்படி ஒரு கூட்டம் அப்போது எங்கும் இல்லை. தாங்களே கத்திப் பதிந்துகொண்டார்கள். அந்தத் தட்டு கைமாறிக் கைமாறிப் போய்த்தான் கிளீவ்லண்டிலிருந்த ஸ்கேட் என்ற இசைத்தட்டு நிறுவனம் அவர்களைத் தேடி வந்தது, பிறகு நியூயார்க்கின் மேட்டடார். சில ஆண்டுகளில் நிஜமான கூட்டங்கள் அதே முழக்கத்தை எழுப்பின. இல்லாத குழுவுக்கு அட்டை வரைந்த பையன் இல்லாத கூட்டத்துக்கும் குரல் கொடுத்தான்.

ஜூன் 16

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: 'ஏலியன் லேன்ஸ்', முதல் பாட்டிலிருந்து, கலைக்காமல், ஒரே அமர்வில், முடிந்தால் ஹெட்போன் இல்லாமல் ஸ்பீக்கரில். பிடிக்காத பாட்டைத் தாண்ட வேண்டாம், ஒரு நிமிடத்தில் அதுவே போய்விடும். அப்புறம் 'பீ தவ்ஸண்ட்'. பாட்டு எழுதுபவராக இருந்தால் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு பெயர்களை மட்டும் எழுதுங்கள், மெட்டைத் தேடாதீர்கள். இருபது பெயர் சேர்ந்ததும் இங்கே போடுங்கள், நானும் என் பட்டியலைப் போடுகிறேன். யார் பெயர் யாருக்குப் பிடிக்கிறதோ அவர் எடுத்து எழுதட்டும்.